அத்தை கேட்ட ரேஸ் பேட்

“அம்மா கேட்டா பிரேக் பேட் கிடைக்கலன்னு சொல்லிடுங்க. அந்தக் கார் மாடலே நின்னு போச்சு, அதுக்குப் பேட்டும் வர்றதில்லன்னு சொன்னா முடிஞ்சது,” என்றாள் மனைவி, கடைக்குக் கிளம்பியவரை வாசலில் மறித்துக்கொண்டு.

அவர் கார் உதிரிபாகக் கடைக்காரர். பொய் ஒன்றும் அவருக்குப் புதிதில்லை. ‘நாளைக்கு வந்துடும்’ என்று தினமும் யாரிடமாவது சொல்கிற வாய்தான் அது. ஆனால் மாமியாரிடம் பொய்யா? அதுவும் அந்த மாமியாரிடமா?

தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, கூரையை மடக்கித் திறக்கிற ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டி வந்து வீட்டு வாசலில் நிறுத்திய மனுஷி அவர். நல்ல ரத்தச் சிவப்பு. தெருவே வாயைப் பிளந்தது. இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று சம்பந்தி வீட்டில் யாரோ இழுத்தபோது, “வேற எந்த வயசுல எனக்கு நேரம் இருந்துச்சு?” என்று ஒரே போடாகப் போட்டார். மாப்பிள்ளைக்கு அன்றிலிருந்து அத்தைமேல் தனிப் பிரியம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

போன வாரம் காய்கறிக் கடைத் திருப்பத்தில் அந்தக் கார் நடைபாதைமேல் ஏறி, விளக்குக் கம்பத்தில் இடித்து நின்றது. அத்தைக்குக் கீறல்கூட இல்லை. மகளுக்குத்தான் பாதி உயிர் போய்விட்டது. “எனக்கு இருக்கிறது ஒரே அம்மா. கார் போனா போகுது,” என்று அழுகிறவளிடம் எந்தப் புருஷன் வாதாடுவான்? சரியென்று தலையாட்டிவிட்டு வந்தார். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கடையைத் திறந்து கூட்டி முடிப்பதற்குள் சிவப்புக் கார் வந்துவிட்டது.

“மாப்பிள்ளை, பிரேக் சரியாவே பிடிக்க மாட்டேங்குது. புது பேட் போடணும். ரேஸ்ல ஓட்டுறவங்க போடுவாங்களே, அது இருக்கா?”

“யார்கூட அத்தை ரேஸ்?”

“கிண்டல் வேண்டாம். இருக்கிறதுலயே முரட்டுப் பேடா எடுங்க.”

இதுதான் சமயம். கிடைக்காது என்று ஒரு வார்த்தை, வேலை முடிந்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

“ரேஸ் பேட் உங்களுக்கு ஆகாது அத்தை. அது நல்லா சூடேறினாதான் பிடிக்கும். நீங்க காய்கறிக் கடைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் அதுக்குத் தூக்கமே கலையாது.”

அட மனுஷா! இல்லை என்று சொல்லச் சொன்னால் பாடம் நடத்துகிறாரே! அதோடு விட்டாரா? கையும் சும்மா இருக்கவில்லை. அலமாரியிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டது.

“இது கல்லு மாதிரி. சக்கரத்துக்குள்ள சுத்துற டிஸ்கையே தின்னுடும். இது கொஞ்சம் மிருதுவான ரகம். கத்தாது, வண்டி எடுத்த உடனேயே கவ்வும். உங்களுக்கு இதுதான் சரி.”

அத்தை பெட்டிகளைப் பார்க்கவே இல்லை. முக்காலியில் உட்கார்ந்தார். எப்போதும் கணீரென்று பேசுகிறவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

“உங்ககிட்ட மட்டும் சொல்றேன் மாப்பிள்ளை, என் பொண்ணுகிட்ட போட்டுக் கொடுத்துடாதீங்க. என் கால்ல பலம் போயிடுச்சு. எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிக்க மாட்டேங்குது. ஸ்டியரிங்கும் என்னை அறியாம இடது பக்கம் போகுது. ஆஸ்பத்திரியில எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! ஒரு பக்கமா இழுத்துக்கிறது இப்படித்தான் ஆரம்பிக்கும். முரட்டுப் பேடா இருந்தா லேசா மிதிச்சாலே நிக்கும்ல?”

இந்தப் பயத்தை வைத்துக்கொண்டா இத்தனை நாள் தனியாகப் படுத்து எழுந்தார்? எதையாவது கேட்க வேண்டுமே என்று, கடைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வியையே மாப்பிள்ளை கேட்டார்.

“எப்பவும் இழுக்குதா அத்தை, மிதிக்கும்போது மட்டுமா?”

“மிதிச்சா மட்டும்தான்.”

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நிமிடம் ஜாக்கி காரின் அடியில் இருந்தது. முன்பக்கம் இடது சக்கரத்தைக் கழற்றினார். பேட் இரும்புவரை தேய்ந்து, பளபளவென்று கிடந்தது. வலது சக்கரத்தைக் கழற்றினார். அங்கே பேட் போட்ட அன்று இருந்த கனம் அப்படியே இருந்தது. இரண்டையும் கொண்டுவந்து அத்தையின் இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்தார்.

“பாருங்க. வலது பக்கம் பேடை அழுத்துற காலிப்பர் துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. அது வேலையே செய்யல. இடது மட்டும் தனியா மாரடிச்சிருக்கு. அப்புறம் வண்டி எங்க நிக்கும்? இடது பக்கம் இழுக்காம என்ன செய்யும்? கம்பத்துல இடிச்சது உங்க கால் இல்ல அத்தை, காலிப்பர்!”

அத்தை ஒரு கையைப் பார்த்தார், மறு கையைப் பார்த்தார்.

“கால் இல்ல. காலிப்பர்,” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பேட் கரி படிந்த கையாலேயே துடைத்துக்கொண்டு முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார்.

காலிப்பரைப் பிரித்துச் சுத்தம் செய்து, ரப்பர் மாற்றி, அந்த மிருதுவான ரகப் பேடையே முன் சக்கரம் இரண்டுக்கும் பொருத்தி முடிக்க மதியமாகிவிட்டது. கடைக்குப் பின்னால் இருந்த காலிச் சாலையில் அத்தை ஓட்ட, மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார். புது பேட் படியட்டும் என்று முதலில் மெதுவாக நாலைந்து தடவை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் வேகமாகப் போய், “இப்ப மிதிங்க” என்றார். வண்டி கோடு போட்டாற்போல் நேராக நின்றது.

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை.

“அத்தை, ஒண்ணு சொல்லணும். பேட் கிடைக்கலன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னா உங்க பொண்ணு. நானும் சரின்னுட்டேன்.”

“தெரியும். ‘போய்க் கேட்டியா, கேட்டியா’ன்னு காலையிலேர்ந்து எனக்குப் போன் மேல போன். அவளைப் பெத்தவ நான், எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா வந்தீங்க?”

அத்தை ஸ்டியரிங்கை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார்.

“நீங்க கிடைக்காதுன்னு சொல்லிடட்டும்னுதான் வந்தேன் மாப்பிள்ளை. நானா விட மனசு வரல. நீங்க சொன்னா இன்னியோட சாவியைக் கொடுத்துட்டு நடந்து போயிடலாம்னு இருந்தேன்.”

அத்தை மாப்பிள்ளையின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு கியரைப் போட்டார்.

“சரி, வீட்டுக்கு விடறேன். பயத்துல காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா என் பொண்ணு.”