மேடை விளிம்பில் ஒரு சிவப்பு ரேடியோ

எங்கள் இசைக்குழுவை நடத்தும் பத்துமலை அண்ணனுக்கு ஊரோடு ஒத்துப்போகவே தெரியாது. மற்ற இசைக்குழுக்காரர்கள், மேடைப் பக்கம் யாராவது பாட்டுப் பதியும் கேசட் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தால் விரட்டி அடிப்பார்கள். கேசட்டாகக் கடையில் விற்க வேண்டிய பாட்டை ஊரார் சும்மா பதிந்துகொண்டு போனால் பிழைப்பு என்னாவது? இவரோ மைக்கைப் பிடித்ததும் முதல் வேலையாக, "ரேடியோ கொண்டு வந்தவங்க முன்னுக்கு வந்து வைங்கலா! எல்லாம் நான் எழுதுன பாட்டு. பதிஞ்சுக்கிட்டுப் போய் நாலு பேருக்குப் போட்டுக் குடுங்க" என்பார். ஈப்போ பட்டணத்தில் எங்கே கச்சேரி நடந்தாலும் எங்கள் மேடை விளிம்பில் ரேடியோக்கள் கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

எனக்கோ அந்த வரிசையைப் பார்த்தாலே பயம்.

மேடையில் என் பெயர் நவமணி. சொந்தப் பெயர் செல்லாயி. ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, மகள் முத்தம்மாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள். புருஷன் சன்னாசி என்னைக் கடைசியாக அடித்தது ரேடியோவால். என் நெற்றியில் பட்டு அதன் கைப்பிடி உடைந்தது. மறுநாள் என் பச்சைச் சேலைக் கரையைக் கிழித்து அந்தக் கைப்பிடியைக் கட்டிக் கொடுத்ததும் நான்தான். இல்லாவிட்டால் அதற்கும் அடி விழுந்திருக்கும். "ஓடிப் போனா ரெண்டு பேரையும் தேடி வந்து வெட்டிப் போட்டுருவேன்" என்று சொல்லியிருந்தான். போலீஸ் நிலையத்தில் சாட்சி யார் என்று கேட்டார்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

பெயரை மாற்றிக்கொள்ளலாம், குரலை என்ன செய்வது? "அண்ணே, நான் பாடுறத மட்டும் பதிய விடாதீங்க" என்று பத்துமலை அண்ணனிடம் கெஞ்சினேன்.

"ஆயர் தாவார் எங்க, ஈப்போ எங்க? சும்மா பயந்து சாகாதம்மா" என்று சிரித்தார். கேசட்டுக்குக் கால் முளைக்கும் என்பது அந்த நல்ல மனுஷனுக்கு உறைக்கவே இல்லை.

எண்பத்திரண்டில், ஈப்போ ஜெலாப்பாங் மாரியம்மன் கோயில் திருவிழா. இன்னும் வெயில் தாழவில்லை. இரண்டாவது பாட்டைப் பாடிக்கொண்டே குனிந்து பார்த்தேன். வரிசையின் நடுவில் ஒரு சிவப்பு ரேடியோ. கைப்பிடியில் பச்சைச் சேலைக் கரை.

வாய் பாடிக்கொண்டிருந்தது. உயிர் என்னிடம் இல்லை. கூட்டத்தைத் துழாவினேன். செண்டோல் ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான் சன்னாசி. என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவன் பார்வை என்னைத் தாண்டிப் போய், டிரம்முக்குப் பின்னால் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த முத்தம்மாமேல் நின்றது.

பாட்டு முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட எல்லோரும் மேடைக்கு வருவார்கள். அவனும் வருவான். ரேடியோ வைத்தவனை யார் தடுப்பார்கள்? அந்த உரிமையை அண்ணனே கொடுத்திருந்தார். கடைசி அடியைப் பாடத் தொடங்கியபோது அவன் வண்டியை விட்டு நகர்ந்து மேடையை நோக்கி நடந்தான். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் எங்கே ஓடுவது? எங்கே பாடினாலும் வருவான்.

தலையை நிமிர்த்தவே பயமாக இருந்தது. ரேடியோக்களையே பார்த்தேன். எல்லாவற்றிலும் சிவப்புப் பொத்தான் அமுங்கியிருந்தது. எல்லாவற்றிலும் நாடா சுற்றிக்கொண்டிருந்தது.

பாட்டை நிறுத்தினேன். ஆர்மோனியம் திக்கித் திணறி ஓய்ந்தது.

"என் பேரு நவமணி இல்ல, செல்லாயி" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "அந்தா வாரானே, அவன் என் புருஷன் சன்னாசி. இந்தச் சிவப்பு ரேடியோவாலதான் என் நெத்திய ஒடச்சான். என்னையும் என் புள்ளையையும் வெட்டிப் போடுவேன்னு சொல்லியிருக்கான். நாளைக்கு எங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுனா அது இவன்தான். எல்லா ரேடியோவும் ஓடுதுலா? பதிஞ்சுக்குங்க."

கூட்டம் மொத்தமும் திரும்பியது. அவனைப் பிடிக்க யாரும் பாயவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. சன்னாசி மேடைக்கு எட்டும் தூரத்தில் நின்றுவிட்டான். சிவப்பு ரேடியோவைப் பார்த்தான். அதன் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தான். அதற்கும் அடுத்ததைப் பார்த்தான். ஒன்றை உடைக்கலாம், வரிசையை என்ன செய்வான்? பின்னுக்கு நகர்ந்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியேறினான்.

பத்துமலை அண்ணன் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். முகம் வெளிறியிருந்தது. "பதிஞ்சவங்க எல்லாரும்..." என்று வழக்கம்போல் தொடங்கியவர், மாற்றிச் சொன்னார். "நாலு பேருக்குப் பத்தாது. கெடைக்குற ஆளுக்கெல்லாம் போட்டுக் குடுங்க. ஆயர் தாவாருக்கும் குடுத்து விடுங்க."

ஆட்கள் வந்து அவரவர் ரேடியோவைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிவப்பு ரேடியோவுக்கு மட்டும் யாரும் வரவில்லை. அதில் நாடா இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. முத்தம்மா ஓடி வந்து அதை நிறுத்தக் குனிந்தாள்.

"விடும்மா, ஓடட்டும்" என்றேன்.