மூன்று விரல் இடைவெளி

கெங்கம்மாளின் வயிற்றைப் பார்த்து ஊரே மாதம் எண்ணியது. ஐந்து என்றார்கள் சிலர். ஆறுக்குக் குறையாது என்றாள் கிணற்றடியில் ஒருத்தி.

இரட்டைப் பெண்கள் பிறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பிரசவத்துக்குக் கிளியனூர்த் தாய்வீட்டுக்கு வந்தவளை, கணவன் விருத்தாசலம், பிள்ளைகளைத் தொட்டிலிட்ட அன்று வந்து பார்த்ததோடு சரி. விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் லீவு கிடைக்கவில்லை என்று கடுதாசி போட்டுக்கொண்டிருந்தான். போன வாரம் மாமியார் வந்து போனாள். இன்று அவனே வந்து நின்றான். பிள்ளைகளைத் தூக்கவில்லை, அவள் வயிற்றைத்தான் பார்த்தான்.

"திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போலாம், கெளம்பு. அவங்க இன்னா சொல்றாங்கன்னு பாத்துட்டுதான் உன்ன இட்டுக்கினு போறதா வேணாவான்னு சொல்லுவேன்."

பால் கொடுக்கிற உடம்பு. இன்னும் மாதத் தூரம் வரவில்லை. வந்திருந்தால் அதையாவது சாட்சிக்கு இழுத்திருப்பாள். இல்லாத ஒன்றை இல்லை என்று எதைக் கொண்டு காட்டுவது? சில நாட்களாக முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு திருடிபோல நடக்கத் தொடங்கியிருந்தாள். அதை நினைத்தபோது அவன்மேல் வந்ததைவிடத் தன்மேல் அதிகக் கோபம் வந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் குடை பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். இடுப்புக்கு ஒருத்தியாக இரண்டையும் சுமந்துகொண்டு அவள் வெயிலில் பின்னால் போனாள்.

நர்ஸ் சவுரியம்மாள் நரைத்த தலைக்காரி. கட்டிலில் படுக்கவைத்து நெடுநேரம் சோதித்தாள். பிறகு திரையை விலக்கி அவனைக் கூப்பிட்டாள்.

"உள்ள புள்ளையும் இல்ல, கிள்ளையும் இல்ல. இப்படி வந்து பாருங்க. நீ தலைய மட்டும் தூக்கும்மா."

கெங்கம்மாள் தலையைத் தூக்கியதும் நடுவயிற்றில் ஒரு மேடு வரப்புபோல எழுந்தது. அதன்மேல் சவுரியம்மாள் மூன்று விரல்களை வைத்தாள். விரல்கள் உள்ளே இறங்கின.

"மார்க்கூட்டுலேர்ந்து அடிவயித்து எலும்பு வரைக்கும் பக்கத்துக்கு ஒரு பட்ட சத. ரெண்டையும் நடுவுல ஒரு நாரு புடிச்சிக்கினு இருக்கும். நிமிந்து நிக்கிறது, இருமுறது, முக்கிப் புள்ள பெக்கிறது எல்லாத்துக்கும் இந்த சததான். உன் ரெண்டு பொண்ணுக்கும் எடம் குடுத்துட்டு வெலகி நிக்குதுய்யா. அதனால கொடல் முன்னால தள்ளுது. இதுக்கா பொண்டாட்டிய இட்டுக்கினு வந்த?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அட, இவ்ளோதானா! ஊர்ல பேஜாரு பண்ணிட்டானுங்க."

"மூணு மாசம் வெயிட்டு தூக்கக் கூடாது. மூச்ச வெளிய விட்டுக்கினே வயித்த உள்ள இழுத்துப் பழகட்டும்."

"சரிங்க. கெங்கா, ஜல்தி வா. பாசஞ்சரப் புடிச்சா பொழுதோட விழுப்புரம் போயிடலாம்."

அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது. ஆறு வருஷம் கூட வாழ்ந்தவளின் வாய்ச்சொல்லுக்கு இல்லாத மதிப்பு, யாரோ ஒருத்தியின் மூன்று விரலுக்கு. அந்த விரல்கள் இறங்காமல் இருந்திருந்தால்?

எழுந்து புடவையைச் சரிசெய்தாள். பெண்களை ஒவ்வொருத்தியாக அவன் கையில் வைத்தாள்.

"வெயிட்டு தூக்கக் கூடாதுன்னாங்க. கேட்டீங்க இல்ல?"

வெளியே வந்ததும் கிளியனூர் வழியாகப் போகும் புதுச்சேரி பஸ் நின்ற பக்கம் நடந்தாள்.

"ஏய், ஸ்டேஷன் அந்தாண்ட இருக்குது!"

"தெரியும். ஊர்ல எவ எவ மாசம் எண்ணினாளோ அவ வாசல்ல எல்லாம் நீங்களே வந்து சொல்லுங்க. நர்ஸம்மா சொன்னத அப்படியே சொல்லுங்க. சொல்லிட்டு விழுப்புரம் போங்க. நான் வர்றதா வேணாவான்னு, இந்த சத ஒண்ணு சேரட்டும், அப்பால சொல்றேன்."

"நான் வாசல் வாசலா போய் நின்னா உங்கம்மா சிரிப்பாங்கடி..."

"எங்கம்மா சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முந்தானையை வயிற்றின்மேல் இழுத்து விடவில்லை. அவன் கக்கத்திலிருந்த குடை நழுவித் தெருவில் விழுந்தது. இரண்டு கையிலும் பிள்ளைகள், குனிய முடியவில்லை.

"ஏறுங்க சார், நேரமாவுது," என்றார் கண்டக்டர்.

குடையை ஒருமுறை பார்த்துவிட்டு அவன் ஏறினான்.