கும்பளங்கிப் பாயில் ஓர் ஆண் வண்டு

காமாக்ஷிக்கு வேலை வண்டு எண்ணுவது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் பின்கட்டில் அவளுக்கென்று ஒரு சிறிய அறை, ஒரு மேசை, ஒரு பழைய மைக்ராஸ்கோப். கப்பலேறப் போகும் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் கால் கிலோ அவள் மேசைக்கு வரும். அதைச் சலித்து, அகப்படுகிற பூச்சி என்ன ஜாதி, எத்தனை என்று எழுதித் தர வேண்டும். விலங்கியல் படித்த பெண்ணுக்கு உள்ளூரிலேயே உத்தியோகம் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று வீட்டில் சொன்னார்கள். அவளும் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தாள், ஆனால் சம்பளத்தை வைத்து அல்ல.

சேர்ந்த புதிதில் செம்பழுப்பாக இரண்டு மாவு வண்டுகள் அவளை நாலு மாதம் ஏமாற்றின. அளவும் நிறமும் நடையும் ஒன்றுதான். ஒன்றுக்கு உணர்கொம்பின் கடைசி மூன்று கணு திடீரென்று பருத்திருக்கும். மற்றதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அது கண்ணுக்குப் பிடிபட்ட நாளில், சலித்து வைத்த அறுபது வண்டுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து இரண்டு கூட்டமாகப் பிரித்து முடித்தபோது, டிபன் பாக்ஸில் தயிர் சாதம் புளித்துப் போயிருந்தது. அன்று சாயங்காலம் தெருவில் போகிற ஆட்களையெல்லாம் அவள் கணு கணுவாகப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கணவன் வெங்கடேஸ்வரனுக்கு வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்ஸியில் டைப்பிஸ்ட் வேலை. இருவருடையதும் பாலக்காட்டிலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள். அவனுக்கு வண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் வண்டைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும். அதனாலேயே நிறையக் கேள்வி கேட்பான்.

1981 ஜூனில், மழை பிடித்த இரண்டாவது வாரம், ஒரு சுக்கு மாதிரியில் தேன் நிறத்தில் ஒரு வண்டு வந்தது. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். முதுகில் தையல் போட்டதுபோல வரிசை வரிசையாகக் குழிகள். காமாக்ஷி அடையாளம் காணும் புத்தகத்தை எடுத்தாள். அந்தப் புத்தகம் கேள்வி கேட்டுக்கொண்டே போகும். பாதத்தில் நாலு கணுவா, ஐந்தா? நாலு என்றால் பதினெட்டாம் எண்ணுக்குப் போ. கழுத்துப் பட்டையில் பள்ளம் உண்டா? உண்டென்றால் இருபத்துமூன்றுக்குப் போ. எந்த வழியில் போனாலும் கடைசிக் கேள்விக்கு இந்த வண்டிடம் பதில் இல்லை. மூன்று நாள் மூன்று வழியில் போய்ப் பார்த்துவிட்டு, அதைச் சாராயக் குப்பியில் போட்டுப் பஞ்சு சுற்றிக் கல்கத்தாவில் இருந்த ஒரு நிபுணருக்குத் தபாலில் அனுப்பினாள்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. இந்த வண்டுக்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை என்று கல்கத்தாக்காரர் எழுதியிருந்தார். ஆனால் அனுப்பியது பெண் வண்டு. ஆண் கிடைக்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த வகையில் ஆணுக்குத் தலைக்கு முன்னால் இரண்டு சின்னப் பற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நல்ல லென்ஸ் இருந்தால் தெரியும்.

காமாக்ஷி அரை நாள் லீவு போட்டாள். படகுத்துறைக்கு ஏறக்குறைய ஓடினாள். தீவில் இறங்கிக் கணவனின் ஆபீஸுக்குப் போய், அவன் எதிரே நாற்காலி இருந்தும் உட்காராமல் கடிதத்தை நீட்டினாள். அவன் படித்துவிட்டு மெதுவான குரலில் கேட்டான்.

"அப்போ இந்த லோகத்திலே இதைப் பத்தி அறியறவா ரெண்டே பேர்தானா?"

"மூணு பேர். இப்போ நீங்களும் அறிஞ்சுட்டேளே."

அவன் அப்போது அடித்துக்கொண்டிருந்த சரக்குப் பட்டியலில் கயிறு என்று வரவேண்டிய இடத்தில் வண்டு என்று அடித்துவிட்டு, தாளை உருவிக் கசக்கிப் போட்டான்.

ஆனால் ஆண் வண்டுக்கு எங்கே போவது? காமாக்ஷி கிடங்கில் இருந்த அத்தனை சுக்கு மூட்டைகளிலும் தேடினாள். ஒன்றுகூட இல்லை. மூட்டை தைக்கிற சுப்புராஜ் இதைப் பத்து நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். ஒரு நாள் அவராகவே வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். அவள் மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைந்து வைத்திருந்த பெண் வண்டின் படத்தைக் காட்டி, ஆணுக்குத் தலைக்கு முன்னால் இரண்டு பற்கள் இருக்கும் என்றாள்.

"இது சுக்குல உள்ளதில்ல மேடம்," என்றார் அவர். "மூட்டைக்கு அடியில விரிக்கோம்லா, அந்தப் பாயில இருந்து ஏறியிருக்கும். மழைக்காலத்துல அதைத் தூக்கி உதறினா இந்த மாதிரிப் பொடிப்பொடியா ஓடும். ஜூன் மாசம் வந்த பாயெல்லாம் கும்பளங்கிப் பாய்."

காமாக்ஷிக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது. அந்த வண்டு சுக்கே தின்பதில்லை. ஈரப் பாயில் பூக்கிற பூஞ்சையைத் தின்று வாழ்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் தோப்பும்படிக்குப் போய் அங்கிருந்து பஸ் பிடித்துக் கும்பளங்கியில் இறங்கினார்கள். வெங்கடேஸ்வரன் கையில் அவனே செய்த ஒரு கருவி இருந்தது. மருந்துக் குப்பியின் மூடியில் இரண்டு ரப்பர் குழாய்கள். ஒரு குழாயை வண்டுக்கு மேலே பிடித்து, மற்றதை வாயில் வைத்து உறிஞ்சினால் வண்டு குப்பிக்குள் வந்து விழும். முன்தினம் வீட்டில் எறும்புகளை வைத்து ஒத்திகை பார்த்ததில் நாற்பதுக்கு நாற்பது வெற்றி.

அங்கே பாய் முடைகிற ஒரு வீட்டுக்குப் போனார்கள். வீட்டுக்காரி பெயர் த்ரேஸ்யா. ஐம்பது வயதிருக்கும். பாய் வேண்டாம், பாயில் இருக்கிற வண்டு வேண்டும் என்று மலையாளத்தில் காமாக்ஷி விளக்கியபோது, அந்த அம்மாள் முதலில் வெங்கடேஸ்வரனைப் பார்த்தாள். அவனும் ஆமாம் என்று தலையாட்டவே, கொட்டகையைத் திறந்துவிட்டாள்.

இரண்டு மணி நேரம் ஒவ்வொரு பாயாகப் பிரித்தார்கள். தும்மல்தான் வந்தது. பதினேழாவது பாயின் ஓரத்தில் ஒரு தேன் நிறப் புள்ளி நகர்ந்தது. காமாக்ஷி மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸோடு குனிந்தாள். குழி வரிசைகள். கழுத்துப் பள்ளம். தலைக்கு முன்னால் இரண்டு பற்கள்.

"ஆணாக்கும்," என்றாள், காற்றுக்கும் கேட்காமல். "மெள்ள வலிங்கோ."

அவன் குழாயை வைத்து உறிஞ்சினான். பாயில் இருந்த வண்டைக் காணோம். காமாக்ஷி குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். குப்பியிலும் காணோம். பிறகு கணவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அசையாமல் நின்றான். வாயில் வைக்கிற குழாயின் உள்முனையில் வண்டைத் தடுக்க ஒரு வலைத்துணி கட்டியிருக்க வேண்டும். காலையில் குப்பியைக் கழுவியபோது அதை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் காயப் போட்டவன் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

அவள் அவனை வெளிச்சத்துக்கு இழுத்துப் போய் வாயைத் திறக்கச் சொல்லி லென்ஸால் பார்த்தாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். விழுங்காதீர்கள் என்றாள். ஆளுக்கு ஏதோ தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று த்ரேஸ்யா ஒரு செம்புக் கஞ்சித் தண்ணீரோடு ஓடிவந்தாள். குடிக்கக் கூடாது, குடிக்கவே கூடாது என்று காமாக்ஷி செம்பைத் தடுத்தாள். செம்பு இருவர் கையிலும் இப்படியும் அப்படியும் போய்வந்தது. வாயைத் திறந்தபடி ஏதோ சொல்ல முயன்ற வெங்கடேஸ்வரன், அதற்குள் விழுங்கிவிட்டான்.

காமாக்ஷிக்குக் கண் நிறைந்தது. இருபத்தெட்டு வயதில் ஒரு மனுஷி இரண்டு மாதமாக வேறு நினைப்பே இல்லாமல் தேடிய பொருள், இப்போது புருஷனின் வயிற்றுக்குள் இட்லியோடு கிடக்கிறது.

"காமு, ருசி ஒண்ணும் இல்லை," என்றான் அவன், பரிதாபமாக. "குறிப்பிலே எழுதிக்கலாம்."

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. அது உதட்டுக்கு வருவதற்குள் சிரிப்பாக மாறிவிட்டது. நிற்க முடியாமல் பாய்க் குவியலில் சரிந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். விஷயம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட த்ரேஸ்யா, செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் இருவரையும்விட அதிகமாகச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு, வெளியாட்களிடம் காட்டக் கூச்சமாக இருந்ததால் சொல்லவில்லை, கோழிக்கூண்டுக்குப் பின்னால் போன வருஷத்துப் பாய் ஒன்று நனைந்து கிடக்கிறது என்றாள்.

மூவரும் சேர்ந்து அதைப் புரட்டினார்கள். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சை. அதன்மேல் தேன் துளிகளைச் சிதறவிட்டதுபோல வண்டுகள், எல்லாப் பக்கமும் ஓடின. வெங்கடேஸ்வரன் கைக்குட்டையைக் கிழித்துக் குழாயில் கட்டினான். முழங்கால் சேற்றில் புதைய உட்கார்ந்து, கன்னம் குழிவிழ உறிஞ்சினான். த்ரேஸ்யா ஓரங்களைக் காவல் காத்து, தப்பிப் போவதை விரலால் திருப்பிவிட்டாள். மழை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது நாற்பத்தொன்று இருந்தது. அதில் பத்தொன்பது ஆண்.

வண்டுகள் போய்ச் சேர்ந்ததும் கல்கத்தாக்காரர் தந்தியே கொடுத்தார். அதன் பிறகு மற்ற மியூசியங்களிலிருந்து வண்டுகளை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. 1983 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கம்பெனி விலாசத்துக்கு அச்சிட்ட கட்டுரை வந்தது. ஏழு பக்கம். முதல் பக்கத்திலேயே வண்டின் பெயர். லத்தீனில் எழுதிய அதன் இரண்டாம் பாதி 'காமாக்ஷியே'.

அவள் சுப்புராஜிடம் காட்டினாள். அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை வாங்கி, எழுத்து தெரியாவிட்டாலும் படத்தை வெகுநேரம் பார்த்தார். பற்கள் சரியாக வந்திருக்கின்றன என்றார். முதலாளி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இது சுக்கைத் தின்னுமா? தின்னாது என்றதும் எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கிவரச் சொன்னார்.

வெங்கடேஸ்வரன் தோப்பும்படிப் பாலத்தின் இந்தக் கோடியில் காத்திருந்தான். பஸ் வந்தது, அவர்கள் ஏறவில்லை. அவன் பாலத்தின் மேலேயே கட்டுரையைப் படித்தான். காற்று தாள்களைப் பிடுங்கப் பார்த்தது.

"காமாக்ஷி சரி. கடைசியிலே ஏன் ஒரு ஏ, ஒரு ஈ?"

"பொம்மனாட்டி பேரை வச்சா லத்தீன்லே அப்படித்தான் முடியும்."

அவன் அந்தப் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்தான். மீன் கூடையோடு சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். உணர்கொம்பில் எத்தனை கணு என்று தெரியுமா என்று அவள் கேட்டாள். தெரியாது என்றான். அவள் அவன் இரண்டு கைகளையும் பிடித்து, நடந்துகொண்டே விரல் விரலாக எண்ணினாள். பத்து விரலும் தீர்ந்துபோயிற்று. பதினோராவது கணுவுக்கு அவன் மூக்கைத் தொட்டாள்.