நல்லா இருக்கு

பின்னேரம் நாலரை மணிக்கு பேர்ணடெற் இரண்டு மீன் பற்றிஸைத் தட்டில் வைத்து, தேத்தண்ணிக் கோப்பையோடு கணவனின் முன்னால் நகர்த்தினாள். டெரிக் ஒன்றை எடுத்து ஓரத்தைக் கடித்தார். தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்து வாய்க்குள்ளேயே அதை ஊறவைத்து, சுவரைப் பார்த்தபடி நெடுநேரம் மென்று விழுங்கினார்.

“நல்லா இருக்கு,” என்றார்.

அது நேற்று வாங்கிய பற்றிஸ். இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டிக்குள் கிடந்து, தோசைக்கல்லில் சூடாக்கியபோது ஓரமெல்லாம் தோல்போல இறுகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. அது பஸ் தரிப்பிடத்துக்கு எதிரேயுள்ள கடையின் பற்றிஸ். பதினைந்து வருடமாக அந்தக் கடைச் சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டிருந்தவர் டெரிக்தான். “அவன்ர பற்றிஸுக்குள்ள மீன் இல்லை, மீன் நீந்திப்போன தடம்தான் இருக்கு” என்று கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லித் திரிந்தவர்.

“எங்க வாங்கினது எண்டு கேக்க மாட்டீங்களோ?”

“எங்க?”

அவள் சொன்னாள். அவர் “ஓ” என்றார். பிறகு இரண்டாவதையும் எடுத்துக் கடித்தார். பேர்ணடெற் எழும்பிப் போய்க் குசினியில் எதையாவது கழுவலாம் என்று தேடினாள். கழுவ ஒன்றும் இருக்கவில்லை. கழுவி வைத்த கோப்பையையே திரும்பவும் கழுவினாள்.

இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால், வெள்ளவத்தையில் அவளுடைய பெரியம்மா வீட்டில் டெரிக் பெண் பார்க்க வந்திருந்தபோது, அவள் பொரித்த கட்லற்றைத் தின்றுவிட்டு எல்லோருக்கும் முன்னால் “பாண்தூள் கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார். பெரியம்மாவின் முகம் செத்துப்போயிற்று. பேர்ணடெற் தலையை நிமிர்த்தாமலே, “உங்கட வீட்டில கிழங்கை மட்டும் உருட்டிப் பொரிப்பினம் போல,” என்றாள். அன்றைக்குத் தொடங்கிய கதை அது. கப்பல் கொம்பனி வேலை முடிந்து அவர் பின்னேரம் கையில் ஒரு பையோடு வருவார். றோல்ஸில் கிழங்கு எவ்வளவு, இறைச்சி எவ்வளவு, வடைக்கு நேற்றைய எண்ணெயா இன்றைய எண்ணெயா, பம்பலப்பிட்டியில் புதிதாகத் திறந்திருக்கும் பேர்கர் கடையில் பாணுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீனி. சனிக்கிழமை விடியப் பேலியகொடைக்குப் போய் மீன் வாங்கி வந்தால், அதைக் குழம்பு வைப்பதா பொரிப்பதா என்பதில் பத்து மணிவரை சண்டை. நாட்டில் சமையல் காஸ் கிடைக்காத அந்த வருடத்தில் பல்கனியில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தார்கள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அப்போதும் அவர், “பலா விறகெண்டா சோத்துக்கு ஒரு வாசம் வரும், இது என்ன விறகு” என்று குறை சொன்னார். அவர் குறை சொல்லாத சாப்பாடு என்று ஒன்று இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. எரிச்சலில் ஒருநாள் அகப்பையை அவருக்குக் கிட்ட எறிந்திருக்கிறாள். மற்றப் புருசன் பெண்சாதி எதைப் பற்றிக் கதைப்பார்கள் என்று அவள் யோசித்ததில்லை. இவர்கள் இதைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

போன வருடம் டெரிக்கின் நாக்கின் அடியில் கட்டி என்றார்கள். முப்பத்து மூன்று நாள் கதிர்ச் சிகிச்சை. கட்டி போயிற்று. கூடவே எச்சிலும் ருசியும் போயின. “சிலருக்கு ஆறு மாதத்தில ருசி திரும்பும். சிலருக்கு வருசம் ஒண்டாகும். சிலருக்கு…” என்று சொல்லிவிட்டு டொக்டர் அடுத்தவரின் ஃபைலைத் திறந்தார். இப்போது ஐந்து மாதம் முடிந்துவிட்டது. மிளகாய் பட்டால் அவருக்கு வாய் எரியும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஒன்று. அவள் மிளகாயை விட்டாள். சொதி வைத்தாள், கஞ்சி வைத்தாள், மீனை அவித்து முள் பார்த்து மசித்தாள். எதைக் கொடுத்தாலும் அவர் ஒரே முகத்தோடு தின்று முடித்துவிட்டு அந்த இரண்டு சொல்லைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு மணி அடித்தது. தலைக்கவசத்தோடு ஒருவர் பெரிய வாளி நிறையப் பொரித்த கோழியும் ஒரு பீட்சாப் பெட்டியும் கொண்டுவந்து நின்றார். அனுப்பியவன் மெல்பேர்ணிலிருக்கும் மகன் ஜெறாட். அங்கே இருந்துகொண்டே ஃபோனில் ஓடர் பண்ணியிருந்தான். டெரிக் வாளியைத் திறக்க முதலே வீடியோவில் வந்துவிட்டான்.

“சப்ரைஸ் அப்பா! உங்களுக்குப் பிடிச்ச கோழி. சாப்பிடுங்கோ, நான் பாக்கவேணும்.”

டெரிக் ஒரு காலை எடுத்து, ஃபோனுக்கு நேரே பிடித்துக் கடித்து மென்றார். “நல்லா இருக்கு மகன்.” கதைத்து முடியும்வரைக்கும் அதைக் கன்னத்துக்குள்ளேயே வைத்திருந்தார். ஃபோனை அவளிடம் கொடுத்த பிறகு, பெட்டியோடு வந்த கடதாசியை எடுத்து, காய்ந்த பஞ்சுபோலக் கிடந்ததை அதில் துப்பி மடித்தார்.

பேர்ணடெற் ஃபோனைக் குசினிக்குக் கொண்டுபோனாள். “அப்பாவால உதெல்லாம் விழுங்க ஏலாது எண்டு எத்தினை தரம் உனக்குச் சொன்னனான் ஜெறாட்?”

“அவர் சாப்பிட்டவர்தானே அம்மா? நல்லா இருக்கெண்டும் சொன்னவர். நீங்கள்தான் அவரை வருத்தக்காரன் மாதிரி வச்சிருக்கிறீங்கள்.”

அவள் ஃபோனை நிறுத்தினாள். வாளியைக் கீழ்வீட்டு றஸ்மியாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் அது தற்செயலாகத்தான் நடந்தது. சொதி கொதிக்கும்போது யாரோ கூப்பிட்டார்கள், உப்புப் போட மறந்துவிட்டாள். டெரிக் மூன்று இடியப்பத்தை அந்தச் சொதியில் ஊறவைத்துத் தின்று, “நல்லா இருக்கு” என்றார். பிறகு அவள் சாப்பிட உட்கார்ந்து ஒரு வாய் வைத்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெந்நீரில் பாலை ஊற்றினதுபோல இருந்தது. அவருக்குத் தெரியாதென்று அவளுக்கு முன்னமே தெரியும். தெரியாத ஒருவர் ஏன் தெரிந்ததுபோலச் சொல்லவேண்டும்? அந்தக் கேள்வி அவளை அன்று முழுக்க விடவில்லை.

செவ்வாய்க்கிழமை மீனுக்குப் புளி விடவில்லை. நல்லா இருக்கு. புதன்கிழமை வெறும் தண்ணீரில் அவித்த பூசணிக்காய். நல்லா இருக்கு. வியாழக்கிழமை பருப்புக்கு உப்புக்குப் பதிலாக இரண்டு கரண்டி சீனி போட்டாள். ஒரு சொல், முகத்தில் ஒரு சுளிப்பு, அதுபோதும் என்றுதான் நினைத்தாள். அவர் வழித்துத் தின்றார். அந்த நாட்களில் அவளே சமைத்ததை அவளால் தின்ன முடியவில்லை. குசினியில் நின்றபடி பாணில் பட்டர் பூசித் தின்றாள்.

சனிக்கிழமையும் சீனிப் பருப்புத்தான். டெரிக் தின்றுகொண்டிருக்கையில் றஸ்மியா வந்தாள். கோழி கொடுத்த வாளியை வெறுமனே திருப்பிக் கொடுக்காமல், அதற்குள் ஒரு கிண்ணம் வட்டலப்பம் வைத்திருந்தாள். ஐந்து வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய பழக்கம், கேட்காமலே சட்டிக்குள் கரண்டியை விட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றி நக்கினாள்.

“என்னக்கா இது, பருப்புக்கு சீனியப் போட்டு வெச்சீக்கீங்க?”

டெரிக்கின் கை சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலே நின்றது. அவர் றஸ்மியாவைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். பேர்ணடெற் “மாறிப் போட்டிட்டன் போல” என்று சொல்லியிருக்கலாம். சட்டியை மூடினாள். றஸ்மியா நிலைமை விளங்கியவள்போல, “நான் பொறகு வாரன்” என்று கீழே இறங்கிப் போனாள்.

“எத்தினை நாளா?” என்று டெரிக் கேட்டார். சிகிச்சைக்குப் பிறகு அவர் குரல் கரகரத்துத்தான் வரும்.

“திங்கக்கிழமையிலயிருந்து.”

“என்னை வச்சு விளையாடுறீரோ? நான் என்ன, பரிசோதனை எலியோ?”

“நீங்கள் என்னோட விளையாடேல்லையோ? அஞ்சு மாசம்! தண்ணியை அவிச்சுத் தந்தாலும் நல்லா இருக்கு, மண்ணைக் கரைச்சுத் தந்தாலும் நல்லா இருக்கு. ஆரோ வெளியாள் வீட்டில சாப்பிட வந்த மாதிரி!”

“வேற என்ன சொல்லவேணும் எண்டுறீர்?” அவர் கோப்பையைத் தள்ளினார். பருப்பு மேசையில் சிந்தியது. “ஈரக் கடதாசி மட்டையைச் சப்புற மாதிரி இருக்கெண்டு சொல்லவோ? ஒவ்வொரு நாளும், மூண்டு நேரமும் சொல்லவோ? விடியவில இருந்து அடுப்படியில நிக்கிறீர். அந்த முகத்தைப் பாத்து நான் அதைச் சொல்லவேணுமோ?”

“ஓம், சொல்லுங்கோ! கடதாசி மட்டை எண்டு சொல்லுங்கோ! நான் மட்டையோட சண்டை பிடிப்பன். உந்த நல்லா இருக்கோட என்னால சண்டை பிடிக்க ஏலாது!”

டெரிக் எழும்பினார். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். பேர்ணடெற் மேசையைத் துடைத்தாள். பருப்பைக் குப்பையில் கொட்டினாள். வட்டலப்பத்தை மூடி வைத்தாள். நாலு மணியாயிற்று, ஐந்தாயிற்று. அவருடைய ஃபோன் கட்டிலில் கிடந்தது. குனிந்து குனிந்து நடக்கிற மனுசன், தண்ணீர்ப் போத்தல்கூடக் கொண்டுபோகவில்லை, வாய் காய்ந்தால் என்ன செய்வார் என்று நினைத்ததும் கோபம் இன்னும் கூடியது. அந்தக் கோபத்தோடேயே போத்தலை நிரப்பிப் பையில் வைத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

கோயிலடியில் இல்லை. சந்தைப் பக்கமும் இல்லை. ஆறரை மணிக்கு மழை பிடித்தது. ஜம்பட்டா வீதிப் பக்கம் திரும்பியபோது மஷூரின் கொத்துறொட்டிக் கடைக்கு முன்னால், தகரக் கூரைக்குக் கீழே, வாங்குகிறவர்களுக்குள் அவரைக் கண்டாள். அவர் எதையும் வாங்குவதாகத் தெரியவில்லை. முதுகை அவளுக்குக் காட்டிக்கொண்டு, தலையைச் சற்றுச் சரித்து நின்றார். உள்ளே மஷூர் இரண்டு தகடுகளையும் கல்லில் அடித்து றொட்டியைக் கொத்திக்கொண்டிருந்தார். வீதியில் ஹோர்ன் சத்தம், மழைச் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சத்தம்.

அவள் கிட்டப் போய் நின்று போத்தலை நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

“மஷூர்,” என்றார் திடீரென்று. “உதுக்கு முட்டை ஒண்டுதானே போட்டது?”

மஷூர் நிமிர்ந்தார். “ஒண்டுதான் அங்கிள். அவர் ஒண்டுதான் கேட்டார். நீங்க அந்தப் பக்கமெல்லோ பாத்துட்டு இருந்தீங்க?”

“பாக்கத் தேவையில்லை. ரெண்டெண்டா இவ்வளவு வறட்டுச் சத்தம் வராது. கேட்டவனுக்கும் விளக்கமில்லை, போட்ட உனக்கும் விளக்கமில்லை.”

கியூவில் நின்ற ஒருவர் திரும்பி முறைத்தார். பேர்ணடெற்றுக்கு வெட்கமாக இருந்தது. “உங்கட வேலையைப் பாருங்கோவன், றோட்டில நிண்டு சண்டைக்குப் போறீங்கள்,” என்றாள்.

“அப்ப நீர் ஒண்டு எடும். ரெண்டு முட்டை. இறைச்சி. உறைப்பாப் போடச் சொல்லும்.”

“ஆருக்கு? உங்களுக்கு வாய் எரியும்.”

“உமக்கு.”

“எனக்குப் பசியில்லை.”

“பொய் சொல்லாதையும். பாண் முடிஞ்சு போச்சு. ஒரு கிழமையா ஒரு றாத்தல் பாண் ரெண்டு நாளைக்கும் காணாமப் போகுது, எனக்குக் கண்ணும் இல்லையெண்டு நினைச்சீரோ?”

மஷூர் கேட்காமலே இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினார். டெரிக் மறுபடியும் தலையைச் சரித்தார். தகடுகள் அடிக்க அடிக்கச் சத்தம் மெதுமெதுவாக ஈரமாகி, தடித்து வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம்தான். ஆனாலும் எலும்பு தெரிகிற கன்னமும் காய்ந்து வெடித்த உதடுமாக, யாரோ புதிதாகத் தந்ததுபோலவும் இருந்தது.

பார்சலை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் நினைத்தாள். “சூடு போயிடும். இஞ்சையே திறவும்,” என்றார். அவள் கூரையின் ஓரத்துக்கு ஒதுங்கி, லஞ்ச் ஷீட்டைப் பிரித்து, ஆவி முகத்தில் அடிக்க, கையால் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். உறைப்பு உடனே ஏறியது. மூக்கு ஒழுகியது. கோபம் இன்னும் போகவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

“என்ன மாதிரி?” என்றார் டெரிக்.

அவள் மென்றாள்.

“கறுவா கூடவோ? இறைச்சி அவிஞ்சிருக்கோ? சொல்லுமன்.”

கூரையிலிருந்து மழை நூல் நூலாக இறங்கியது. பேர்ணடெற் வாய் நிறைய வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மென்றுகொண்டேயிருந்தாள். டெரிக் போத்தலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி, கொஞ்சம் குனிந்து, அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.