கட்டுத்துணி

கிழக்கு வெளுக்கும் முன்பே நாச்சியம்மாள் தன் தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். ஒன்றில் அறுந்த இழையை முடிந்து நிமிர்வதற்குள் இன்னொன்றில் ஊடைநூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவில் நூல் தீர்ந்திருக்கும். பஞ்சுத்தூசி இமையில் படிந்து கண்ணை அறுத்தது. தறிச்சத்தம் காதில் விழுவது நின்று வெகுகாலமாயிற்று. இப்போது அது எலும்பில் விழுந்தது. நின்றால் முழங்கால் வலிக்கும். அதனால் நடந்தாள்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தறிக்கூடத்தில் காயத்துக்குச் சுற்றும் கட்டுத்துணி நெய்கிறார்கள். கடல் கடந்து, ஒரு நாட்டின் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அந்த நாடு இன்னொரு நாட்டில் போய்ப் பல வருஷமாகச் சண்டை போடுகிறது. இந்த முழம் யாருடைய காலுக்கோ என்று சில நேரம் நாச்சியம்மாளுக்குத் தோன்றும். தோன்றியதும் மனதை இழைக்குத் திருப்பிக்கொள்வாள்.

அன்று பாவுநூல் தீர்ந்து, தறிகளை நிறுத்திப் புதுப்பாவு ஏற்றி முடித்ததும் முதலாளி வரதராஜுலு வந்தார். அவருக்குப் பின்னால் ஃபிட்டர் கதிர்வேல், ஒரு சாக்கு நிறையப் பல்சக்கரங்களைச் சுமந்துகொண்டு.

"இனிமே ஊடைநூல நெருக்கமா அடிக்க வேண்டாம். சக்கரத்த மாத்திப்போட்டா எட்ட எட்ட, கலக்கலா உழும். கூலியிலயும் கொஞ்சம் கொறைச்சுக்கோணும்."

"ஏனுங்க, சண்டை முடிஞ்சுபோச்சுங்களா?" என்றாள் நாச்சியம்மாள்.

"முடிஞ்சாத்தான் தேவலையே! முடியாம இழுத்து இழுத்து அந்த நாட்டுக் கஜானாவே தொடச்சாப்பல ஆயிப்போச்சு. பீரங்கிக்கே கடன் வாங்கறானாம். ஆஸ்பத்திரிச் செலவ வெட்டிப்போட்டான்."

பக்கத்துத் தறிக்காரி சாஜிதா பேகம் சிரித்தாள். "குண்டு போடக் கடன் கெடைக்குது, கட்டுப்போடக் கெடைக்கலையாமா? நல்லா இருக்குதுங்க நாயம்!"

"என்னைய எதுக்கம்மணி கேக்கற? நானா சண்டை போடறேன்?"

"நாங்களும் போடலீங்களே. கூலி மட்டும் எங்ககிட்ட வெட்டறீங்க."

முதலாளி நாச்சியம்மாளை நூல் மூட்டைகளின் மறைவுக்கு அழைத்துப் போனார். அவள் கைராசி அங்கே பிரசித்தம். புதுப்பாவு ஏற்றினால் சந்தனம் தொட்டு முதல் தறியை அவள்தான் ஓட்டிவிட வேண்டும். அவள் ஓட்டாமல் வேறு யாரும் சுவிட்சில் கை வைப்பதில்லை.

"உனக்கு மட்டும் பழைய கூலியே தாரேன் அம்மணி. நீ ஓட்டீட்டா மத்தவங்களும் ஓட்டீருவாங்க" என்றார் மெதுவாக. மாதிரித் துணி ஒன்றையும் அவள் கையில் வைத்தார்.

மகள் ரித்திகா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். 'சரிங்க' என்ற சொல் நாச்சியம்மாளின் நாக்கு வரை வந்துவிட்டது. அவளுக்கு அலுப்பாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டால் அலுப்பு தீரும் என்றுகூடத் தோன்றியது. குனிந்து பார்த்தாள். துணிக்கு அடியில் அவள் உள்ளங்கை ரேகை தெரிந்தது. இதைச் சுற்றிக்கொண்டு ஒருவன் படுத்திருப்பான். அவனையும் ஒருத்தி தலைப்பிரசவத்தில் பெற்றிருப்பாள். அவனுடைய கட்டுத்துணியில் நூலைப் பிடுங்கிய கை அங்கேயே நிற்கவில்லை. இத்தனை தூரம் நீண்டு இந்தக் கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது.

தறிகளுக்கு நடுவே திரும்பி வந்தாள். தறிகள் நின்றிருந்ததால் அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

"எனக்கு மட்டும் பழைய கூலி தாரேங்கறாரு."

சாஜிதாவின் முகம் சுருங்கியது. "அப்பறம் என்னக்கா? ஓட்ட வேண்டியதுதானே."

"எல்லாருக்கும் பழைய கூலி, துணியும் பழைய நெருக்கம்னா ஓட்டறேன்" என்று சொல்லி, தறிக்குப் பக்கத்தில் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

சாஜிதா வந்து அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக மற்றவர்களும். கதிர்வேல் சாக்கை இறக்கிவைத்தான்.

"ஆர்டர் போயிரும். அப்பறம் எல்லாரும் எங்க போவீங்க?" முதலாளியின் குரல் உடைந்தது.

"ஆர்டர் குடுத்தவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க மொதலாளி" என்றான் கதிர்வேல். "இங்க ஆளுங்க சக்கரம் மாத்த மாட்டேங்கறாங்கன்னு. உங்களுக்கும் சேத்தித்தானுங்க உக்காந்திருக்கறோம்."

அவர் செல்லை எடுத்தார். யாரையும் அழைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பக்கத்துக் கூடத்துக்கும் நேத்தே இதே சக்கரம் வந்திருக்குது" என்று சாஜிதா எழுந்தாள். "ஒரெட்டுப் போய்ப் பேசீட்டு வாரேன்."

அவள் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கூடத்தில், தறிகள் அடித்துக்கொண்டே இருந்தன. நாளைக்கு அடுப்பு எரியுமா என்ற கேள்வி ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. நாச்சியம்மாள் சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடினாள்.

அந்தச் சத்தத்தில் ஒரு தறி குறைந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். காது கொடுத்துக் கேட்டாள். இன்னொன்று.