யாருக்கு இந்த மானிட்டர்?

அவள் வீட்டுக்காரர் பெட்டியைப் பிரித்து, மானிட்டரை மேசைமேல் நிறுத்தி, ஒயரெல்லாம் மாட்டி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். ரத்தப் பரிசோதனை லேபில் மதியம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எப்படி? அசந்துட்டியா?"

அசந்துதான் போனாள். ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது அந்தப் பூதம். ஃபோர்கே, அறுபது ஹெர்ட்ஸ்; புள்ளி அதிகம், வேகம் குறைவு. அவள் சொன்னது டூகே, நூற்று அறுபத்தைந்து ஹெர்ட்ஸ். பழைய மானிட்டர் முந்தாநாள் உயிரை விட்டுவிட்டது. லேபில் லீவு கிடைக்கவில்லை. இன்று நாலு மணிக்கு, அவள் ஆன்லைனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் தேர்வு ஆட்டம். பெரிய போட்டிக்குப் போகும் அணியில் ஒரே ஒரு இடம், அதற்கு எட்டுப் பேர் போட்டி. அதனால்தான் இவரைக் கடைக்கு அனுப்பினாள். மாடலைப் படமெடுத்து போனில் அனுப்பி, ஒன்றுக்கு நாலு தடவை சொல்லியும் அனுப்பினாள். ஒரு மனுஷனுக்கு இதற்கு மேல் எப்படித்தான் சொல்வது?

"நான் கேட்டது இதில்லையே!"

"அதை விட இது ஒசத்தி. படம் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு."

"படம் பாக்கவா வாங்கச் சொன்னேன்? என் கம்ப்யூட்டர்ல படம் வரையற கார்டு இதை இழுக்காதுங்க. டூகேக்கு வரையறதை விட ரெண்டு மடங்குக்கு மேல புள்ளி வரையணும் இதுக்கு. மூச்சு வாங்கும்."

"நீ போட்டுப் பாக்காமயே குத்தம் சொல்லாத."

மானிட்டரைப் போட்டு ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தாள். ஓடி வருகிற எதிராளி கதவுக்கு அந்தப் பக்கம் தெரிந்தான், அப்புறம் இந்தப் பக்கம் தெரிந்தான். நடுவில் அவன் வந்ததே தெரியவில்லை. அதற்குள் இவள் செத்துக் கிடந்தாள். புள்ளிகளைக் குறைத்தாள். கார்டு கொஞ்சம் மூச்சுவிட்டது, படம் மங்கியது. அப்போதும் திரை நொடிக்கு அறுபது தடவைக்கு மேல் மாறாது. மற்ற ஏழு பேரும் இரண்டு மடங்கு வேகத்தில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவதும் இதுவும் ஒன்றுதான்.

"தூக்குங்க. கடைக்குப் போறோம். அந்த சேல்ஸ்மேனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

"இப்பவா? வெயில்ல..."

"தூக்குங்கன்னேன்!"

பெட்டியோடு கடை வாசலில் நுழைந்தார்கள். கல்லாவில் முதலாளி ஏதோ பில் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்த சேல்ஸ்மேன் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

"வாங்க கொசு சார்! செட் ஆச்சா? நாலு மணிக்குத்தானே ஆட்டம்?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். கொசு அவளுடைய பெயர். பகலெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள் என்று டீமில் வைத்த பட்டப்பெயர். திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

கோபம் இப்போது வீட்டுக்காரர் மேல் திரும்பியது. ஆனாலும் கிளம்பி வந்த வேகம் நிற்கவில்லை. சேல்ஸ்மேன் மேலேயே பாய்ந்தாள்.

"கார்டு என்னன்னு கேக்காம, கண்டதைத் தலையில கட்டி அனுப்புவீங்களா?"

சத்தம் கேட்டு முதலாளி எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். "பிரிச்ச பெட்டியைத் திருப்பி எடுக்கறதில்லம்மா. எங்க ஆள் தப்பா வித்திருந்தா மட்டும் இப்பவே மாத்தித் தரேன்" என்றவர் சேல்ஸ்மேன் பக்கம் திரும்பினார். "உனக்கு எத்தனை வாட்டி சொல்றது? கார்டைக் கேளு, அப்புறம் மானிட்டரைக் காட்டுன்னு. வேலைக்கு வரியா, பொழுதுபோக்க வரியா?"

"கேட்டேன் சார்! ரெண்டு தடவை கேட்டேன். இருக்கறதுலயே பெரிய கார்டுன்னு சார்தான் சொன்னாரு, அதுக்கு ஏத்த பெரிய மானிட்டரையே கேட்டாரு. மாடல் படத்தைக் காட்டினப்ப, 'இது யாருக்கு, உங்களுக்கா?'ன்னேன். 'பின்ன, என் பொண்டாட்டிக்கா?'ன்னு சிரிச்சாரு. போன மாச ஆட்டத்தைக்கூடச் சொன்னாரு. தனியா நின்னு, மாடிப்படிக்குக் கீழ பதுங்கி, மூணு பேரு இறங்கிப் போறவரைக்கும் சுடாம இருந்து, அப்புறம் முதுகுல... எனக்கே புல்லரிச்சுப் போச்சு சார்!"

அது அவளுடைய ஆட்டம். அன்று ஜெயித்து அவள் துள்ளிக் குதித்தபோது, பக்கத்துச் சோபாவில் முகத்தில் பேப்பரைப் போட்டுப் படுத்திருந்தவர், "சத்தம் போடாத, தலை வலிக்குது" என்றார்.

"என்ன சார், இவன் சொல்றது நிஜமா?" என்றார் முதலாளி.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அது வந்து... எனக்கு ஞாபகம் இல்ல. அவர் கேட்ட மாதிரி தெரியல."

சேல்ஸ்மேன் முகம் செத்துப்போனது. இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மானிட்டர் கைக்கு வந்துவிடும், நாலு மணிக்கு ஆட்டமும் ஆடலாம். வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள். முதலாளி உள்ளே திரும்பி, "அந்த டூகேயை எடு" என்று குரல் கொடுக்கும்வரை நின்றாள். அதற்கு மேல் முடியவில்லை.

"எடுக்க வேண்டாம். உங்க ஆள் மேல தப்பில்ல. ஆடறது நான். கொசு நான்தான். இவருக்கு மவுஸ்ல எந்தப் பக்கம் அழுத்தணும்னுகூடத் தெரியாது."

"அப்படின்னா மாத்த முடியாதேம்மா" என்றார் முதலாளி.

"தெரியும்."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் பெட்டியைத் தரையில் வைத்தார். "உனக்காகத்தானே ஞாபகம் இல்லைன்னேன்? காரியம் கைகூடற நேரத்துல இப்படிக் கெடுத்துக்கிட்டியே!"

"அன்னிக்குப் பேப்பருக்கு அடியில முழிச்சுத்தானே இருந்தீங்க? முழுசாப் பாத்தீங்கல்ல? படிக்கட்டுகூட ஞாபகம் இருக்கு. ஊர் பேர் தெரியாத ஆளுக்குப் புல்லரிக்கற மாதிரி சொல்லத் தெரியுது. பக்கத்துல இருந்த எனக்கு, நல்லா ஆடினேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

அவள் போனை எடுத்து டீம் கேப்டனைக் கூப்பிட்டாள். "இன்னிக்கு என்னால ஆட முடியாது" என்றாள்.

"என்னது? ஏன்? இடம் போயிடும் தெரியும்ல?"

"ஏன்னு இவர் சொல்வார்" என்று போனை வீட்டுக்காரர் கையில் திணித்தாள்.

அவர் அதைப் பிடித்துக்கொண்டு விழித்தார். "ஹலோ? யாருங்க அது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது போன்.

"நான்... நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன்" என்றார், கடை வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, மெதுவாக.

"சத்தமாப் பேசுங்க" என்றாள் அவள். "எனக்கே கேக்கல."