காளான்காரன் பேச்சு

டெல்ஃபினாவின் சாப்பாட்டுக் கடையைக் காலி செய்ய எவாசியோ வாத்தியாருக்கு நாலே நாலு வரிதான் தேவைப்பட்டது. நாலாவது வரியை எழுதிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார் என்பதுதான் இதில் கேவலம்.

ரொக்காமோராவில் வருஷா வருஷம் திராட்சை அறுவடை முடிந்ததும் வெளியூர்க்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். ஒயினை ருசி பார்ப்பார்கள், குன்றுகளைப் படம் பிடிப்பார்கள், அப்புறம் அவர்களுக்குப் பசிக்கும். அதற்காக நகராட்சி ஒரு மடக்குத் தாள் அச்சடித்துக் கொடுக்கும். தலைப்பு: 'நாங்கள் சாப்பிடும் இடங்கள்'. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் எழுத்துப்பிழையைத் திருத்தி ஓய்வுபெற்றவர் என்பதால் இந்த வருஷம் எழுதும் வேலை எவாசியோ தலையில் விழுந்தது. ஊரில் இருப்பதே ஐந்து கடை. நாலைப் பற்றி ஒழுங்காக எழுதினார். பாலத்தடிக் கடையில் முயல் கறி, சதுக்கத்துக் கடையில் பூண்டும் நெத்திலியும் போட்ட சூடான எண்ணெயில் தோய்த்த காய்கறி என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுகிற மாதிரி. ஐந்தாவது டெல்ஃபினாவின் கடை. இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் மத்தியானம் அவர் உட்காரும் இடம். அதைப் போய் மற்ற நாலோடு எப்படி ஒன்றாக எழுதுவது? இப்படி எழுதினார்:

'டெல்ஃபினா கடைக்குப் போகாதீர்கள். அஞோலோத்தி வாயில் வைக்க விளங்காது. ஒயின் புளிக்கும். கடைக்காரி கடிப்பாள்.'

ரொக்காமோராக்காரன் எவன் இதைப் படித்தாலும் நாக்கில் எச்சில் ஊறும். இந்த ஊரில் பாதிப்பேர் காளான்காரர்கள். விடியலில் நாயோடு காட்டுக்குப் போய் மண்ணுக்கடியில் ஒளிந்திருக்கும் வெள்ளைக் காளானைத் தோண்டி எடுப்பவர்கள். எடுத்த இடத்தைப் பெற்ற தாயிடமும் சொல்ல மாட்டார்கள். "அந்த ஓடைப்பக்கமா? அங்க ஒரு எழவும் இல்லப்பா" என்று ஒருவன் சொன்னால், அங்கேதான் இருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பேச்சு காட்டோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. பிடித்ததைத் திட்டுவதுதான் இங்கே மரியாதை. எவாசியோ தன் மனைவி இல்தேயிடம் கல்யாணப் பேச்சை எடுத்தபோது சொன்னது, "இதைவிட மோசமாவும் அமையலாம்." அவளும் உச்சி குளிர்ந்து சரி என்றாள்.

ஆனால் வண்டியில் வந்து இறங்கும் ஜெர்மன்காரர்கள் காளான்காரர்கள் இல்லையே. டுரின் நகரத்தில் உட்கார்ந்து அந்தத் தாளை ஜெர்மனில் மொழிபெயர்த்த பெண்ணும் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை நேர்மையாக மாற்றியிருந்தாள்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை எவாசியோ ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு குடும்பம் வாசலில் வந்து நின்றது. அப்பாக்காரர் தாளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கண்ணாடி வழியாக டெல்ஃபினாவைப் பார்த்தார். டெல்ஃபினா சிரித்தாள். அம்மாக்காரி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாலத்தடிக் கடையை நோக்கி அவர்கள் நடந்த வேகத்தைப் பார்த்துத்தான் எவாசியோவுக்குத் தான் என்ன செய்து தொலைத்தோம் என்று புரிந்தது.

மூன்று வாரம் போனது. பெரும்பாலான நாள் ஒன்பது மேஜையில் எட்டு காலி. ஒன்பதாவதில் குற்றவாளி.

குற்றவாளி சாப்பிட ஆரம்பித்தார். பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, ஒன்றரை மணிக்கு இன்னொரு தடவை. தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு வாடிக்கையாளர்களாகத் தெரியட்டும் என்று இரண்டாவது தடவை தொப்பியை மாற்றிக்கொண்டு வந்தார். இடுப்பு வாரில் இல்தே புதிதாக ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தாள்.

"பாவத்துக்குப் பரிகாரம் பட்டினி கிடக்கிறதுன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள். "நீங்க பெருத்துக்கிட்டே போறீங்களே."

டெல்ஃபினா தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஒன்று மாறியிருந்தது. அஞோலோத்தி என்கிற, கறி வைத்துக் கிள்ளி மூடிய அந்தச் சின்னச் சின்ன மாவுப் பொட்டலங்களைச் சூப்போடு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்ததும், அதன் மேல் ஒரு வாய் சிவப்பு ஒயினை ஊற்றிக் கலப்பது இந்த ஊர் வழக்கம். இருபத்திரண்டு வருஷமாக எவாசியோவின் கிண்ணத்தில் அவள் கையால்தான் ஊற்றினாள். இப்போது புட்டியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவரே ஊற்றிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிகமாக விழுந்தது.

இன்னொன்றும் மாறியிருந்தது. சூப்பில் உப்பு ஒரு நாள் தூக்கலாக இருந்தது, மறுநாள் அறவே இல்லை. "எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டபோது எவாசியோ எப்போதும் சொல்வதையே சொன்னார்: "பரவாயில்ல." குற்றம் செய்தவன் உப்பைப் பற்றி வேறு பேசுவதா?

சவரக்கடை செகோந்தோ அவருடைய பழைய மாணவன். அவனிடம் போய் உட்கார்ந்தார்.

"டேய், உண்மையைச் சொல்லு. டெல்ஃபினா கடை படுத்தது என்னாலயாடா?"

"உங்களாலயா? சேச்சே. மழை வாத்தியாரே. சாலை வேற சரியில்ல. உங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

எவாசியோ கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தார். ஓடைப்பக்கம் ஒரு எழவும் இல்லை என்று சொல்பவனின் அதே முகம். பாதிரியாரிடம் கேட்டார், மருந்துக் கடையில் கேட்டார். உங்களால் இல்லவே இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். ஒரே ஒருவராவது 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால், ஒருவேளை இல்லையோ என்று அவர் தூங்கியிருப்பார்.

நவம்பர் பிறந்தது. பதினொன்றாம் தேதி மார்த்தீன் திருநாள். இந்தப் பக்கத்தில் குத்தகை முடிவதும் வீடு மாறுவதும் அன்றைக்குத்தான். 'மார்த்தீன் பண்ணப் போறாங்க' என்றால் மூட்டை கட்டுகிறார்கள் என்று பொருள். டெல்ஃபினா கடை மூலையில் அட்டைப்பெட்டிகள் வந்து உட்கார்ந்தன. மிலான்காரர் ஒருவர் கண்ணாடிக் கோப்பைகள் விற்க அந்த இடத்தைக் கேட்கிறார் என்று இல்தே செய்தி கொண்டுவந்தாள்.

எவாசியோ அன்றைக்கே நகராட்சிக்குப் போய் மிச்சமிருந்த தாள்களை எல்லாம் வாங்கி அடுப்பில் போட்டார். பிறகு பேனாவோடு உட்கார்ந்தார். சிரிப்பே இல்லாத ஒரு வாக்கியம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அறுபத்தெட்டு வயதில் தெரிந்தது. ஒரு முழுக் காலை நேரம் பிடித்தது.

'டெல்ஃபினா கடையில் சாப்பாடு மிகவும் நன்றாக இருக்கும். ஒயின் நல்ல ஒயின். கடைக்காரி நல்லவள். எவாசியோ.'

இல்தே படித்துப் பார்த்தாள். "இதுல சிரிப்பு எங்க?"

"இல்ல."

"வேண்டாங்க. இதை ஊர்ல ஒட்டாதீங்க."

அவர் கேட்கவில்லை. சதுக்கத்து அறிவிப்புப் பலகையில், தேவாலயக் கதவோரத்தில், பேருந்து நிற்கும் இடத்தில் என்று மூன்று இடத்தில் ஒட்டினார். வெளியூர்க் கூட்டம் அந்த வாரத்தோடு முடிந்திருந்தது. அதைப் படிக்க ஊர்க்காரர்கள்தான் மிச்சம் இருந்தார்கள்.

மறுநாள் செகோந்தோ கடை வாசலிலேயே அவரை மடக்கினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அப்படி என்னதான் பண்ணிட்டா அவ உங்களை?"

"யாரு?"

"டெல்ஃபினா. 'நல்லவள்'னு எழுதி ஊர் பூரா ஒட்டியிருக்கீங்க. சாப்பாடு 'மிகவும் நன்றாக'ன்னு வேற. இத்தனை வருஷம் கையால சோறு போட்டவளைப் போய் இப்படியா வாத்தியாரே? பூச்சி கீச்சி கிடந்துச்சா?"

"டேய், நான் நெசமாத்தான்டா எழுதினேன்."

"புரியுது, புரியுது" என்றான் செகோந்தோ, ஒன்றும் புரியாமல். "கோபத்துலதான் எழுதியிருக்கீங்க. எனக்குத் தெரியாதா."

வியாழக்கிழமைதோறும் வரும் ஒயின் கிடங்கு ஆட்கள் நாலு பேரும் அந்த வியாழன் பாலத்தடிக்குப் போனார்கள். முதல் தாளால் வெளியூரைத் துரத்தியவர், இரண்டாவது தாளால் உள்ளூரையும் துரத்திவிட்டார். ஒரே மனிதன் இவ்வளவு சுத்தமாக வேலை முடிப்பது ரொக்காமோராவில் அபூர்வம்.

மார்த்தீன் திருநாளுக்கு முந்தின நாள் பன்னிரண்டு மணிக்கு எவாசியோ கடைக்குள் நுழைந்தார். அலமாரி காலி. பெட்டிகள் கட்டியிருந்தன. ஜன்னலோர மேஜையில் மட்டும் துணி விரித்து ஒரு கரண்டி வைத்திருந்தது.

"உட்காரு வாத்தியாரே" என்றாள் டெல்ஃபினா அடுப்பிலிருந்து. "இன்னைக்கு ஒரு தொப்பிதானா? இன்னொருத்தர் வரலையா?"

அவர் காது சிவந்தது. "தெரிஞ்சிருந்துச்சா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு."

கிண்ணத்தை வைத்தாள். புட்டியையும் வைத்தாள். வழக்கம்போல் போகாமல் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"டெல்ஃபினா, ஒண்ணு கேக்கணும். ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். உன்கிட்ட மட்டும் கேக்க தைரியம் வரல."

"முதல்ல நான் ஒண்ணு சொல்றேன். நீ எழுதினதைப் படிச்சு அன்னைக்கு நானும் சிரிச்சேன். இவனால இதுக்கு மேல புகழ முடியாதுன்னு நெனச்சேன்." மேஜைத் துணியின் ஓரத்தை நீவினாள். "அப்புறம் யாருமே வரல. காலிக் கடையில உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் படிச்சா என்ன ஆகும்? எது காளான்காரன் பேச்சு, எது நெசம்னு பிரியல. கிண்ணம் கிண்ணமா ருசி பார்த்தேன். உப்பு கூடின மாதிரி இருந்துச்சு, குறைச்சேன். மறுநாள் உப்பே இல்லாத மாதிரி இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷமாச் சமைக்கிறேன் வாத்தியாரே, என் நாக்கே எனக்குச் சந்தேகமாப் போச்சு. உன்கிட்ட கேட்டா, பரவாயில்லன்னு சொன்ன."

எவாசியோ கரண்டியைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார் அவசரமாக. "உன் சாப்பாடு ரொம்ப நல்லா இருக்கு."

"நீ இன்னும் வாயிலயே வைக்கல."

உண்மைதான். எடுத்து வாயில் வைத்தார். பொட்டலம் நாக்கில் பட்டதும் உடைந்து கறி கரைந்தது. மெதுவாக மென்றார். டெல்ஃபினா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலியாக நாலைந்து பதில்கள் வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றும் அருமையான பதில். அவற்றை எல்லாம் கறியோடு சேர்த்து விழுங்கினார்.

"கறி சரியா இருக்கு. மாவு சரியா இருக்கு" என்றார். "சூப்புல உப்பு பத்தல."

அவள் அவருடைய கரண்டியையே வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"ஆமா. பத்தல." எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்து வந்து ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். மறுபடி ருசி பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. "அப்போ என் நாக்கு சரியாத்தான் இருக்கு."

"டெல்ஃபினா, கடையை மூடறது என்னாலயா?"

அவள் புட்டியை எடுத்தாள். அவர் கிண்ணத்தில், இருபத்திரண்டு வருஷமாக ஊற்றிய அதே அளவு, ஒரு வாய் ஒயினை ஊற்றினாள். சூப்பு மெதுவாகச் சிவந்தது.

"ஆமா, உன்னாலதான்" என்றாள். "நேத்தே மிலான்காரருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். ஆறுறதுக்குள்ள சாப்பிடு."